முதல் வாளி

கொங்கிறீட் வாளி ஏற்றுகிற என் தூக்கு மெசினின் கம்பிக் கயிற்றைப் பார்க்க நான் கண்ணை நம்புவதில்லை. பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றை அதில் சுற்றிப் பிடித்து, முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போவேன். இழை அறுந்த இடத்தில் துணி கொளுவும். கோப்பாயில் அந்த மாடி வீட்டுக்கு மேல் பிளாட், அதாவது கொங்கிறீட் கூரை, போடுவதற்கு முதல் நாள் பின்னேரம், மூன்று இடத்தில் கொளுவியது.

அந்தத் தடிப்பில் கயிறு யாழ்ப்பாணத்துக் கடைகளில் இல்லை. கொழும்புக்குப் போன் செய்தேன். இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள். கயிற்றில் இழை அறுந்திருக்கிறது என்று மேசனிடம் சொல்லிவிட்டு, மெசினின் கரண்ட் வயரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆட்களை நம்பி மெசினை விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

விடிய ஆறு மணிக்குப் போனால் மேசன் கேற்றடியிலேயே நின்றார். மெசினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காயும் உடைத்தாகிவிட்டது. ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. பஸ்ஸோ இன்னும் கிளிநொச்சியைத் தாண்டவில்லை.

"தம்பி, ஒரேயொரு வாளி. நல்ல நேரத்துக்கை அது மேலை போனால் காணும். மிச்சத்தைக் கயிறு மாத்தினாப் பிறகு பாப்பம்."

"கயிறு சரியில்லையெண்டு நேற்றே சொன்னனான் அல்லோ?"

"ஓம், சொன்னனீங்கள். வீட்டுக்காரர் கனடாவிலையிருந்து போனிலை பாத்துக்கொண்டெல்லே இருக்கிறார்."

வயரைக் கொளுவினேன். அரை வாளி கொங்கிறீட் ஆடாமல் அசையாமல் மேலே போனது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் பொங்கல் தந்தார்கள்.

அப்போதே வயரைக் கழற்றியிருக்க வேண்டும். கையைக்கூட வைத்துவிட்டேன். கீழே நின்று வாளிக்குக் கலவை நிரப்புகிற வட்டுக்கோட்டை அண்ணை தடுத்தார்.

"தொடங்கின வேலையை நிப்பாட்டக்கூடாது தம்பி. நீங்கள் போய்க் கயிறை எடுத்துக்கொண்டு வாங்கோ. நாங்கள் மெல்ல மெல்ல ஏத்துறம்."

கயிறு பழசாகிவிட்டது, அதனால் மாற்றுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இழை அறுந்திருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிளாட் போடத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்த மாட்டார்கள். ஒரேயொரு வாளி என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. அது மேசனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவன் மாதிரி வயரை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டரிடம் பார்சலை வாங்கி, முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நிறைந்த வாளி ஒன்று மேல் தட்டுக்குக் கிட்டப் போய் அறுந்து விழுந்திருந்தது. அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆசுபத்திரியில் அன்று பின்னேரமே அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் புதுக் கயிற்றைப் பூட்டி, மிச்சப் பிளாட்டையும் போட்டு முடித்தோம். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பூட்டினேன்.

அந்த வீட்டில் பால் காய்ச்சிய நாளன்று அண்ணையையும் கூப்பிட்டிருந்தார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் போனேன். அதே பிளாட்டுக்குக் கீழே, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அண்டைக்கு நல்ல நேரத்திலை தொடங்கினபடியாத்தான் காலோடை போச்சு. இல்லாட்டி உயிரே போயிருக்கும். நீங்கள் அந்த நேரத்துக்கு மெசினைப் போட்டுத் தந்தது பெரிய காரியம்."

என் கையை அவர் இன்னும் விடவில்லை.

"ஓம் அண்ணை," என்றேன்.