ஒரே ஒரு நோயாளி

“எரிச்சல் சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கும் கொத்தனாரை மறித்துக்கொண்டு டோக்கன் அண்ணன் விசாரணை நடத்துகிறார்.

“ரெண்டுக்கும் நடுவுலண்ணே.”

“சரியாச் சொல்லுய்யா. நாளைக்கு உள்ள போய் முழிக்கப்போறது நான்.”

கொத்தனார் யோசித்து இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். அண்ணன் தம் வயிற்றில் அதே இடத்தில் கைவைத்து முகத்தைச் சுளிக்கிறார். “இப்படியா?”

“இன்னும் கொஞ்சம் சுளிங்க.”

ஒத்திகை முடிந்தது. மறுநாள் காலை இலவச மருத்துவமனையில் அந்த வயிற்றெரிச்சல் அண்ணனுடையது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிர்வாக வசதிதான் இருக்கிறது. டோக்கனுக்கு விடியும் முன் வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவரைப் பார்த்து வெளியே வர மதியமாகும். அண்ணன் குடியிருக்கும் சந்தில் எல்லோரும் அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் போய் நின்றால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். நோயாளி நேரில் வரவேண்டும் என்பது மருத்துவமனை விதி; வேலைக்காரர் நேரில் வரவேண்டும் என்பது வேலையின் விதி. இரண்டையும் மதித்து நடக்க ஒரு முழுநேர நோயாளி தேவைப்பட்டார். பழந்துணிக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் துணி வெட்டிப் பிரித்து, இருமலால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அண்ணன் அப்போது சும்மா இருந்தார்.

அன்றிலிருந்து சந்தின் நோய்களெல்லாம் அவர் பெயரில் உள்ள ஒரே அட்டையில் ஏறின. மருத்துவர்கள் அடிக்கடி மாறுவார்கள். மாறாதவர்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அண்ணனுக்கோ தொழில் சுத்தம் முக்கியம். சுமை தூக்குகிறவரின் முழங்கால் வலிக்காக வாசலிலிருந்தே நொண்டிக்கொண்டு போவார். உள்ளே போவதற்குள் கால் மாறிவிட்டது ஒரே ஒருமுறைதான். “வலி எடம் மாறுது டாக்டர்” என்று சமாளித்து, அதற்கும் ஒரு மாத்திரை வாங்கிவந்தார். பெண்களுக்கு என்றால் “வீட்டுல எந்திரிக்க முடியல” என்று தம் அட்டையிலேயே எழுதவைப்பார். அவர் மனைவி இறந்து எட்டு வருடமாகிறது. அட்டைப்படி அந்த அம்மாளுக்கு இன்னமும் ரத்தசோகை.

சந்து நோய்க்கு வசதியான இடம். அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஜன்னல் வைக்கச் சுவர் மிச்சமில்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் ஒற்றுமையாகப் போகின்றன. சொறி திங்கட்கிழமை முதல் வீட்டில் ஏறினால் சனிக்கிழமை கடைசி வீட்டில் இறங்கும்.

போன வருடம் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: குடியிருப்போர் நூற்றுப்பன்னிரண்டு, நோயாளி ஒருவர். அந்த ஒருவருக்குப் பத்தொன்பது நோய்கள். “எல்லாரும் நல்லா இருக்கீங்க, அவரை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க” என்று பாராட்டிவிட்டுப் போனார். சந்து முனையில் வாரம் ஒருமுறை நிற்பதாக இருந்த மருத்துவ வண்டி, நோயாளிகள் உள்ள வேறு பகுதிக்குப் போய்விட்டது.

இந்த ஏற்பாட்டில் சளிதான் விளையாடிவிட்டது.

வெல்டருக்கு இரண்டு மாதமாக இருமல். மூலை வீட்டு மருமகளுக்கும் இருமல். அவள் மாமியார் காதில் விழாமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருமுகிறாள். அண்ணனுக்கு இருமல் பழைய சொத்து. “மூணு டப்பா குடுக்கறேன், மூணு நாள் சளி கொண்டாங்க” என்றார் நர்ஸ். மூன்று டப்பா, மூன்று பேர். கணக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு டப்பாவில் சளி பிடித்து, மூன்றின் மேலும் தம் பெயரையே எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று நர்ஸ் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். “டிபி இருக்கு. மூணு டப்பாவுல ஒண்ணுல கிருமி தெரியுது.”

“எதுல சிஸ்டர்?”

“எதுல இருந்தா என்ன? மூணும் உங்க சளிதானே?”

அண்ணன் “ஆமா சிஸ்டர்” என்று அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாளைக் காலை தையல்காரருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும்.

நர்ஸ் மாத்திரை அட்டைகளை நீட்டினார். “இது ஒரு மாசத்துக்கு. ஒரு நாள் விடக் கூடாது, ஒரு மாத்திரை குறையக் கூடாது. குறைஞ்சா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. புரியுதா?”

“புரியுது சிஸ்டர்.”

அன்று சாயங்காலம் அண்ணனின் அறையில் மூவரும் கூடினார்கள். மூவரில் ஒருவருக்கு என்பது அறிக்கைக்குப் போதுமான துல்லியம், மாத்திரைக்குத்தான் போதவில்லை.

“எனக்கு வராதுண்ணே. வெல்டிங் பொகையில கிருமியே செத்துடும்” என்றார் வெல்டர். சொல்லிமுடிக்குமுன் இருமல் வந்து மறுத்தது.

“நீ ஒரு தடவை நேர்ல போய்ப் பாரும்மா” என்றார் அண்ணன்.

“போனா வீட்டுக்குத் தெரியும். தெரிஞ்சா புள்ளைய வாங்கிட்டு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.” இடுப்பிலிருந்த குழந்தை அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. “எனக்காண்ணே இருக்கும்?”

“யாருக்குன்னு தெரியலையேம்மா.”

“உங்க மூஞ்சிய பாத்தா உங்களுக்குத்தான்னு தோணுது” என்றார் வெல்டர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சந்தில் எதையும் பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கம்: குழாய், கழிப்பறை, சொறிக்கு வாங்கிய களிம்பு. அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, ஒரு மாத்திரைகூட நசுங்காமல் மூன்றாக வெட்டினார். கிடங்கில் துணி வெட்டிப் பழகிய கை. மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். வெல்டர் தம் பங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மருமகள் தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

“நில்லும்மா” என்றார் அண்ணன். எழுந்து போய்த் தம் பங்கையும் அவள் கையில் திணித்தார். பிறகு குழந்தையின் முகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார்.