பனி ஒட்டாத தை

கல்வராயன் மலையில் நான் தற்காலிகத் தீக்காவலன், அடிவாரத்து ஊர்க்காரன். கோடையில் கிளம்பும் காட்டுத்தீ மேலே ஏறாமலிருக்க, தை மாதத்திலேயே காட்டுக்குக் குறுக்கே இருபதடி அகலத்துக்குச் சருகை நாங்களே கொளுத்தி வெறுந்தரையாக்குவோம். தீத்தடுப்புக் கோடு என்பது அதுதான். விடியற்காலையில் தீ வைப்போம். இருபக்கமும் புல் பனியில் நனைந்து கிடக்கும். ஓரத்துக்கு வந்ததும் நெருப்பு தானே அணையும். எங்களுக்கு வேலியே பனிதான்.

போன தையில் பனி இறங்கவில்லை. என்னோடு வேலை செய்யும் மலைக்காரன் குனிந்து புல்லைத் தடவி, காய்ந்த உள்ளங்கையைக் காட்டினான்.

“பனி ஒட்டலண்ணே. இன்னிக்கு வேணாம்.”

“வருசா வருசம் வெக்கிறதுதானடா. இன்னாத்துக்கு பயந்துக்கினு நிக்கிற?”

அந்த வாரத்துக்குள் முடிக்க வனத்துறையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்கோபம் வேறு. தீக்குச்சியைக் கிழித்தது நான்தான்.

நெருப்பு ஓரத்துக்கு வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. பச்சைத் தழையை ஒடித்து அடித்துப் பார்த்தோம். மேலே அவனுடைய ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஊற்று; சுற்றிலும் நெல்லியும் நாவலும் கடுக்காயும். “ஊத்துண்ணே, ஊத்து!” என்று கத்திக்கொண்டே ஓடினான். மறுநாள் மதியம் தீ அணைந்தபோது அங்கே எரிய ஒன்றும் பாக்கியில்லை.

அதிகாரி விசாரிக்க வந்தார். “எவனாச்சும் பீடி போட்டிருப்பான் சார்” என்றான் அவன், என்னைப் பார்க்காமலே. நான் வாயே திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு மழை வந்தது. மாதக்கணக்கில் ஏமாற்றிவிட்டு ஒரே நாளில் கொட்டியது. சரிவில் மண்ணைப் பிடிக்க எதுவுமில்லை. சாம்பலும் சேறும் இறங்கி ஊற்றை மூடிவிட்டன. ஊரே சேர்ந்து தோண்டியும் கசிவுகூட வரவில்லை.

இந்தத் தையிலும் பனி இல்லை. கோடு போடாவிட்டால் பங்குனித் தீ மிச்சக் காட்டையும் தின்றுவிடும். கொளுத்தினால் நாங்களே தின்னக் கொடுத்ததாகும். அதனால் சருகைக் கூட்டி, சாக்கில் அள்ளி, மொட்டைப் பாறையில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். மலை நீளத்துக்கும் இரண்டே பேர். காலையில் கூட்டிய இடத்தில் மதியக் காற்று மறுபடி சருகைக் கொண்டுவந்து போடுகிறது. மரங்களும் காய்ந்துபோய் உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. எங்களால் முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

நேற்று வேலைக்கு நடுவே உட்கார்ந்தோம். அவனிடம் ஒரு கேன் தண்ணீர் இருந்தது. அவன் மனைவி அடிவாரம்வரை இறங்கிப் பிடித்து, தலையில் சுமந்து வந்தது. மூடியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினான்.

“குடிண்ணே.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். தொண்டை வறண்டு கிடந்தது. வாங்கி, பாதிக்கு மேல் குடித்துவிட்டேன்.