பிலோமினா சிஸ்டருக்குப் பிடிக்காத காமெடி

விவேக் நகரில் வீடியோ கடை வைத்திருந்த வைத்தீஸ்வரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் பயம். காலைப் பூசை முடிந்ததும் பிலோமினா சிஸ்டர் முந்தின வாரம் எடுத்துப்போன விசிடியைத் திருப்பிக் கொடுக்க வருவாள். வெறுமனே கொடுத்துவிட்டுப் போகிறவள் இல்லை. கடையில் நாலு பேர் நின்றாலும் படம் எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"செத்துப்போனவன் நெஞ்சுல கதாநாயகி ரெண்டு குத்து குத்துறா, அவன் எழுந்து டூயட் பாடுறான். இதுக்கு ரெண்டு சிடி வேறயா?"

"சிஸ்டர், மெதுவாச் சொல்லுங்க. நீங்க சொல்றதைக் கேட்டுட்டா அப்புறம் யாரும் எடுக்கமாட்டேங்கிறாங்க" என்று வைத்தீஸ்வரன் கெஞ்சுவான்.

பிலோமினா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆண்கள் பொது வார்டில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் விவேக் நகர்தான். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவாள். கணவன் மைக்கேல்ராஜ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். இரண்டு பேருக்கும் சினிமா என்றால் உயிர். காவிரிப் பிரச்னை கிளம்பித் தமிழ்ப் படங்களைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டால் வீட்டில் விசிடி. நிலைமை சரியானதும் மறுபடி அல்சூர் பக்கம் தியேட்டர். மாசத்துக்கு இரண்டு படமாவது பார்க்காமல் இருந்ததில்லை.

சினிமாவில் வரும் ஆஸ்பத்திரியைப் பார்த்து அவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க் மோவாய்க்கட்டையில் தொங்கும். டிரிப்ஸ் பாட்டில் இருக்கும், கையில் ஊசி இருக்காது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரியும். அதையெல்லாம் அவள் மன்னித்தாள். "அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பாள். நர்ஸைக் காட்டுகிற விதத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. நர்ஸுக்கு எப்போதும் ஒரு கிறிஸ்தவப் பெயர். ஒன்று, கழுத்துச் சிலுவையை முத்தமிட்டுவிட்டு வில்லன் கையால் சாவாள். இல்லாவிட்டால் முட்டிக்கு மேலே யூனிபார்ம் போட்டுக்கொண்டு காமெடியன் பின்னால் ஓடுவாள். வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தியை எந்தப் படத்திலும் அவள் பார்க்கவில்லை. ஒரே ஒரு சின்னப் படத்தில், யாரோ புது ஆள் எடுத்தது, ஒரு நர்ஸ் டியூட்டி முடிந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் காட்சி வந்தது. கதைக்கும் அந்தக் காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பிலோமினா வைத்தீஸ்வரனிடம் அந்த விசிடியை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில் தீபாவளிக்கு ஒரு பெரிய நடிகரின் படம் வந்தது. கூட்டம் தாங்கவில்லை. மைக்கேல்ராஜ் டிக்கெட் வாங்கிவந்தான். இடைவேளைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் காமெடி. கட்டிலில் படுத்திருக்கும் காமெடியன், ஊசி போட வருகிற நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து, "ஊசியை வெச்சிட்டு உக்காரு சிஸ்டரு" என்கிறான். அவள் சிணுங்கிக்கொண்டே கட்டிலில் உட்காருகிறாள். தியேட்டரே விசிலடித்தது. பிலோமினா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மைக்கேல்ராஜ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

 வீடு வந்து சோறு போடும்போதுதான் அவள் கேட்டாள்.

"என்னங்க, அப்படி எதுக்குச் சிரிச்சீங்க?"

"எதுக்கு?"

"அந்த நர்ஸைக் கையைப் பிடிச்சு இழுத்தானே, அதுக்கு."

"காமெடிதானே. எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் சிரிக்கல."

"நீ எதுக்குத்தான் சிரிச்ச? சினிமாவ சினிமாவாப் பாரு, பிலோ."

அதுதான் அவளைச் சுட்டது. போன மாசம் இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் ஒரு விசிடி பார்த்தார்கள். அதில் யூனியன் தலைவன் லஞ்சம் வாங்குகிறவன், தொழிலாளிகள் எல்லாம் குடிகாரர்கள். முதலாளி கேட்டில் நின்று ஒரு வசனம் பேசியதும் அத்தனை பேரும் அழுதுகொண்டே மெஷினுக்குத் திரும்புகிறார்கள். மைக்கேல்ராஜ் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கத்தினான். பீன்யாவில் எந்த முதலாளி கேட்டுக்கு வந்து பேசியிருக்கிறான், மெஷினில் விரல் போனவனுக்காக எவன் அழுதான் என்று ராத்திரிச் சாப்பாடு ஆறும்வரை பேசினான். அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நியாயம் என்றும் சொன்னாள்.

"அன்னிக்கு உங்க தொழிலை அசிங்கமாக் காட்டினப்ப அது சினிமா இல்லையா?" என்றாள்.

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான். 

அடுத்த வாரமே அந்த வசனம் வார்டுக்கு வந்துவிட்டது. முதலில் பேஷண்டைப் பார்க்க வந்த பையன்கள் சொன்னார்கள். அப்புறம் பேஷண்டுகள். லாவண்யா என்று புதிதாகச் சேர்ந்த பெண், கிருஷ்ணகிரிப் பக்கம். அவள் ஊசி டிரேயோடு போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்டிலிலிருந்து அந்த வசனம் வரும். அவள் காது கேளாதவள்போலப் போய்க்கொண்டிருந்தாள். கால் உடைந்து படுத்திருந்த ஓர் ஆள் ஒரு நாள் காலை ரவுண்டில் வசனத்தோடு நிற்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தே விட்டான். டிரே தரையில் விழுந்து சிதறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

பிலோமினா வந்து நின்றாள். "கையை விடு" என்றாள். அவன் விட்டான்.

"சும்மா தமாஷுக்கு, சிஸ்டர். படத்துல வர்றதுதானே."

"இது சினிமா இல்ல, ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை கை நீண்டா உன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, அவங்களை நிக்கவெச்சு நீ செஞ்சதைச் சொல்லுவேன்."

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். லாவண்யா ஸ்டோர் ரூமில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வீட்ல சொன்னா வேலையை விட்டுட்டு வான்னுடுவாங்க, சிஸ்டர்" என்றாள்.  யார்மேல் கோபப்படுவது என்று பிலோமினாவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கையைப் பிடித்தவன்மேலா, வசனம் எழுதினவன்மேலா, தன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன்மேலா?

டிசம்பரில் ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா. பின்பக்கத்து மைதானத்தில் சாமியானா போட்டு, சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். குடும்பத்தோடு வரலாம் என்பதால் மைக்கேல்ராஜும் வந்திருந்தான். முதல் வரிசையில் டாக்டர்கள், அவர்களுக்கு நடுவில் நிர்வாக அதிகாரி ரங்கநாதன். பாட்டு, குழந்தைகள் டான்ஸ் எல்லாம் முடிந்து, பில்லிங் செக்‌ஷன் நாடகம் என்று அறிவித்தார்கள்.

திரை விலகியதும் பில்லிங் கிளார்க் ராஜேஷ்குமார் நர்ஸ் யூனிபார்மில் வந்து நின்றான். முன்னாலும் பின்னாலும் துணி திணித்திருந்தான். உதட்டில் சிவப்புச் சாயம். அது நிஜ யூனிபார்ம், இந்த ஆஸ்பத்திரி யூனிபார்ம்தான், லாண்டரியிலிருந்து கேட்டு வாங்கியது. நோயாளியாகக் கட்டிலில் படுத்திருந்தவன் ராஜேஷ்குமார் கையைப் பிடித்து இழுத்து அந்த வசனத்தைச் சொன்னான். தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். முதல் வரிசையில் ஒரு டாக்டர் தொடையில் தட்டினார். ரங்கநாதன் கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த லாவண்யா எழுந்து வெளியே போவதைப் பிலோமினா பார்த்தாள்.

யாரிடமும் சொல்லாமல் அவள் எழுந்தாள். பக்கவாட்டுப் படியில் ஏறி மேடைக்குப் போனாள். அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. அவள் மைக்கை எடுத்தாள்.

"ராஜேஷ், அந்த டிரெஸ்ஸை நான் தினமும் போட்டுக்கிட்டு வேலை செய்யறேன். அதுக்குள்ள நீங்க துணி திணிச்சு ஆடுறீங்க" என்றாள். கைதட்டல் நின்றது.

"போன மாசம் என் வார்டுல ஒருத்தன் இதே வசனத்தைச் சொல்லி ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்தான். இது சினிமா இல்ல, ஆஸ்பத்திரின்னு நான் அவன்கிட்டச் சொன்னேன். நாளைக்கு அவன் வந்து, உங்க ஆஸ்பத்திரியிலயே இதைத்தானே ஆடுறாங்க, உங்க டாக்டருங்களே சிரிக்கிறாங்களேன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க."

 தமிழில் சொன்னது புரியவில்லை என்று யாரும் தப்பித்துவிடக் கூடாது என்று அதையே கன்னடத்தில் ஒரு தடவை சொன்னாள். குரல் உயரவில்லை.  மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினாள். பின் வரிசையில் நர்ஸுகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

மறுநாள் ரங்கநாதன் கூப்பிட்டு அனுப்பினார். விருந்தாளிகள் முன்னால் ஆஸ்பத்திரி மானம் போய்விட்டதாம். ராஜேஷ்குமாரிடம் ஒரு சாரி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமாம்.

"நான் சாரி சொல்ற மாதிரி ஒண்ணும் பேசல, சார்."

"ஒரு ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கத் தெரியணும்மா."

"என் டிரெஸ்ஸைப் போட்டு மேடையில கையைப் பிடிச்சு இழுத்தா அது எனக்கு ஜோக் இல்ல, சார். வேற ஏதாவது இருக்கா? வார்டுல மருந்து நேரம்."

அவர் அவளை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராஜேஷ்குமார் அவளைக் கண்டால் வேறு பக்கம் போனான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'மைக் சிஸ்டர்' என்று பெயர் வந்தது. கிண்டலாகச் சொன்னவர்கள் பாதி, மரியாதையாகச் சொன்னவர்கள் பாதி. லாவண்யா வேலையை விடவில்லை. கட்டிலிலிருந்து அந்த வசனம் வந்தால் இப்போது அவளே நின்று, யார் சொன்னது என்று கேட்டாள்.

விழா அன்று பஸ்ஸில் திரும்பும்போது மைக்கேல்ராஜ், "எல்லார் முன்னாடியும் பேசியே ஆகணுமா?" என்று கேட்டிருந்தான். "எல்லார் முன்னாடியும்தானே ஆடினாங்க" என்று அவள் சொன்னாள்.  தான் தியேட்டரில் சிரித்தது தப்பு என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்த்து எதிர்பார்த்து விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. படம் பார்க்கும்போது எங்கே சிரிக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அவனுக்கும் அது தெரியும்.

அடுத்த வருஷம் ஆண்டு விழாவில் நாடகமே வைக்கவில்லை. பாட்டும் சொற்பொழிவுமாக இழுத்தது. போன வருஷம் மாதிரி இல்லை, ஒரே போர், எல்லாம் இவங்களாலதான் என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பிலோமினா திரும்பிப் பார்த்து, "போரடிச்சா எழுந்து போங்க" என்றாள். அவள் மட்டும் கடைசிப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.