நாலு நட்சத்திரக் கடலில் என் வீட்டுக்காரர்

திருச்சுழிக்காரர்கள் அலைச்சறுக்கு பழகப் போகிறோம் என்று சொன்னதும் அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய்தான், அதுவும் மழை பெய்தால் உண்டு. ஆனால் என் வீட்டுக்காரர் அன்வர் ஓமனில் வேலை பார்க்கிறவர். அங்கே பலகையில் நின்றபடி அலை மேல் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனவர். இந்த ஆனி மாதம் லீவில் வந்தவர், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, அலைச்சறுக்குக்குப் பேர்போன கடற்கரை மணப்பாடு, அங்கே போவோம் என்றார்.

போனில் அலை நிலவரம் சொல்லும் ஆப் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். அலையின் உயரம், இடைவெளி, காற்று, கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண். மானாவாரி ஊரில் வளர்ந்தவர்களுக்கு வானிலை அறிக்கையில் எது கூடுதலோ அதுதான் நல்லது. மழை அஞ்சு சென்டிமீட்டரை விடப் பத்து மேல் என்றே பார்த்துப் பழகிய கண். அதே கண்ணோடு அந்த வாரத்திலேயே அதிகமான நட்சத்திரம் இருந்த சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். நானும் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிகாலை நாலரைக்குக் காரில் கிளம்பினோம். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரத்தில் ஒரு டீ, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு. ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். கருவேலங்காடும் காற்றில் பறக்கும் செம்மண்ணும் முடிந்து உப்பளம் தெரிகிற வரை இவர் பேச்சை நிறுத்தவே இல்லை. எட்டு மணிக்குக் கரையில் இருந்தோம். பஸ்ஸில் வருகிறவர்கள் தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் மாற வேண்டும்; ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பயிற்சி தரும் ரீகன் உள்ளூர்க்காரர். என் வீட்டுக்காரர் அவரிடம் போனை நீட்டி, “இன்னைக்கி நாலு ஸ்டாருப்பா!” என்றார்.

ரீகன் சிரிக்கவில்லை. “அண்ணே, அது எனக்கு நாலு. மொத தடவை எறங்குறவங்களுக்கு ஒத்த ஸ்டார் நாள்தான் நல்ல நாளு.”

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நட்சத்திரம் என்பது அலை எவ்வளவு ஒழுங்காக உடையும், பழகியவர் எவ்வளவு நன்றாகச் சறுக்கலாம் என்பதற்குப் போடும் மதிப்பெண். ஆபத்தைப் பற்றி அது வாயே திறக்காது. அன்று அலை ஒரு மீட்டர்தான், ஆனால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பதினைந்து செகண்டு. ஏழெட்டு செகண்டு என்றால் பக்கத்துக் காற்றில் கிளம்பிய அலை, வேகம் குறைவு. பதினைந்து என்றால் எங்கோ தெற்குக் கடலில் புயலில் பிறந்து வருவது. உயரம் ஒன்றாக இருந்தாலும் அது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் பல மடங்கு. நடுவில் சில நிமிஷம் கடல் சும்மா கிடக்கும், பிறகு நாலைந்து பெரிய அலைகள் சேர்ந்து வரும். கரையிலிருந்து வீசும் மேல்காற்று அலையை வழுவழுப்பாக்குவதால் அதற்கும் மார்க் உண்டு. ஆளைக் கடலுக்குள் தள்ளுவதும் அதே காற்றுதான். ஆக, நட்சத்திரத்தைக் கூட்டிய காரணம் எல்லாம் எங்களுக்கு ஆகாத காரணம்.

“வேணாம் மச்சான், இன்னொரு நா வருவோம்,” என்றேன். “அடுத்த லீவு எப்பன்னு யாரு கண்டா புள்ள?” என்றார். கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்மேட்டுக்கு ஒதுக்கமான பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், நுரையில் மட்டும் என்றால் சரி என்று ரீகன் ஒப்புக்கொண்டார். இவர் ஒன்றரை மணி நேரம் விழுந்து எழுந்து, ஒரே ஒரு முறை பலகையில் நின்றும் விட்டார். அப்போது அவர் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்து ரீகன் பலகைகளைக் கழுவப் போனார். “ஒரு முங்கு போட்டுட்டு வாரேன்,” என்று இவர் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். அங்கே இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் நுரையே இல்லாமல் அமைதியாகக் கிடந்தது. எங்கள் கண்மாயில் சின்னப் பிள்ளையிலிருந்தே சொல்லித் தருவது ஒன்றுதான்: மடைப் பக்கம் தண்ணீர் சுழலும், போகாதே; அசையாமல் கிடக்கிற இடத்தில் குளி. இவர் அசையாத இடமாகப் பார்த்துத்தான் இறங்கினார். நானும் நிம்மதியாக உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்தேன்.

நிமிர்ந்தபோது அவர் தலை சின்னதாகத் தெரிந்தது. கரையைப் பார்த்துத்தான் நீந்திக்கொண்டிருந்தார், வேகமாக. ஆனால் தூரம் கூடிக்கொண்டே போனது. நான் அலறியதில் ரீகன் பலகையோடு ஓடி வந்தார். “கரையப் பாத்து நீந்தாதீங்க! பக்கத்தால போங்க! பக்கத்தால!” அலை இரைச்சலில் அங்கே எப்படிக் கேட்கும்? ரீகன் அந்த அமைதியான தண்ணீரிலேயே பாய்ந்தார். ஐயோ, ரீகனும் போய்விடுவாரே என்று பதறினேன். அலை கொண்டுவந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது என்றும், அங்கே ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடையாது என்றும் பிறகுதான் தெரிந்தது. அந்த இழுப்பே ரீகனை அவரிடம் சட்டென்று கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த நேரம் பார்த்து பெரிய அலைகள் வந்தன. இரண்டு தலையும் மறைந்தன. எனக்கு ஓதக்கூட வாய் வரவில்லை. பிறகு பலகையின் மஞ்சள் நிறம் தெரிந்தது, அதன் மேல் குப்புறக் கிடந்த என் ஆளும். ரீகன் பக்கவாட்டில் தள்ளிப்போய், அலை உடைகிற இடத்துக்கு வந்து, நுரையோடு நுரையாகக் கரையேற்றினார்.

இவர் மணலில் கிடந்து கடல் தண்ணீரைக் கக்கினார். “நீந்திக்கிட்டேதான் இருந்தேன் புள்ள, கரைதான் தள்ளித் தள்ளிப் போச்சு,” என்றார். நான் ஊர் பார்க்க அவர் முதுகில் ஓங்கி அடித்தேன். பிறகு அந்த முதுகிலேயே சாய்ந்து அழுதேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: நட்சத்திரத்தை வைத்து நாள் குறிக்காதீர்கள். இடைவெளி பத்து செகண்டைத் தாண்டினால் பயிற்சி தருகிறவரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கடல் எச்சரிக்கையை அரசு வெளியிடும், அதைத் தனியாகப் பாருங்கள். அமைதியான தண்ணீர் எது என்று கேட்டு, அங்கே இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையோடு மல்லுக்கட்டாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாக விலகுங்கள்.

இதை எழுதச் சொன்னது அவர்தான். கண்மாயில் நீந்தினவனுக்குக் கடல் என்ன என்று கேட்கிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு, என் பேரைப் போட்டே எழுது என்றார். இப்போது வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். குழாய்ச் சத்தம் கொஞ்சம் நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். “என்ன புள்ள?” என்கிறார். “ஒண்ணுமில்ல,” என்று வந்து உட்காருகிறேன்.