வாப்பா பார்த்த கப்பு

எட்டாம் வகுப்பில் ஸ்பெல்லிங் பீ போட்டிக்கு என்னைத் தயார் செய்தது டீச்சர் இல்லை, வாப்பா. அவர் சவூதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலையில் இருந்தார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே காரைக்காலில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்திருக்கும். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போனோடு உட்கார்ந்துவிடுவேன். வார்த்தைப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். குடோனில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்பார். பத்தாவது தாண்டாதவர். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத்தான் என் தப்பைக் கண்டுபிடிப்பார். ஆனாலும் விடமாட்டார். "மறுபடியும் சொல்லு புள்ள." எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியட் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாண்டிச்சேரியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு நான் தேர்வானபோது வாப்பா சொன்னார்: "நீ கப்பு மட்டும் வாங்கு. அதப் பாக்கவே நான் ஓடி வந்துருவேன்."

பிள்ளையை உற்சாகப்படுத்த எல்லா வாப்பாவும் சொல்வதுதான். நான் அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் அவருக்கு லீவு. அடுத்த லீவை லாத்தாவின் நிக்காஹ்வுக்கென்று வைத்திருந்தார். லாத்தா என் அக்கா. மாப்பிள்ளை முடிவாகி, வரும் வருடம் என்று பேசி வைத்திருந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வாப்பா வரணும், அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியும் நாங்களும் ஒரே அரசாங்கம். ஆனால் அங்கே போய்ச் சேர சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளே புகுந்து போக வேண்டும். வழியெல்லாம் வேனில் வாந்தி எடுத்தேன். இரண்டாம் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். தெரியாத வார்த்தை என்றால்கூட மனசு ஆறியிருக்கும். வாப்பா நூறு தடவை கேட்ட வார்த்தை! மைக் முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முசீபத்துப் பிடித்த அந்த வார்த்தையை இங்கே எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "என்ன புள்ள ஆச்சு?"

வாய் முந்திக்கொண்டது. "ஜெயிச்சுட்டேன் வாப்பா."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. சொல்லவில்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதான். லீவு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார்.

உம்மா போனைப் பிடுங்கினார். "பெரியவ நிக்காஹ்வுக்குல்ல வச்சிருக்கீங்க?"

"அப்பவும் கேட்டா குடுப்பாங்க, இன்ஷா அல்லாஹ்."

நான் தோற்றது உம்மாவுக்குத் தெரியும். வாசலிலேயே என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். போனை வைத்ததும் முதுகில் ஓர் அறை விழுந்தது. "நாளைக்கு உண்மையச் சொல்லிரணும், ஆமா." நாளை போனது, வாரம் போனது. நானும் சொல்லவில்லை, உம்மாவும் சொல்லவில்லை. உம்மாவுக்கும் அவர் வந்தால் தேவலை என்று இருந்திருக்கும். அப்போது எனக்கு அது புரியவில்லை. லாத்தாவிடம் கப்பு ஸ்கூலில் இருக்கிறது என்று புளுகி வைத்தேன்.

வாப்பா வந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "கப்பு எங்க?" என்றார்.

"ஸ்கூல் அலமாரியில வச்சுட்டாங்க வாப்பா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, டீச்சருக்கென்று பேரீச்சம்பழப் பெட்டியோடு என்னுடனே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். வகுப்பு ஜன்னல் வழியே பார்த்தேன். ஹெச்.எம். அறைக்குப் போனார், வந்தார். வராந்தாவில் இருந்த கண்ணாடி அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். அதில் இருந்தது கோ-கோவுக்கு வாங்கிய இரண்டு ஷீல்டுகள் மட்டும்தான்.

சாயங்காலம் அடிவாங்கத் தயாராகத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். வாப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாத்தேன் புள்ள. மாஷா அல்லாஹ், நல்ல பெரிய கப்பு." லாத்தாவிடம் இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த லீவு முடிகிற வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் நிக்காஹ் வந்தது. வாப்பா லீவு கேட்டார். போன வருடம்தானே போய் வந்தாய் என்று மறுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளைத் தந்தேன் என்று சொல்ல வேண்டியவர் வாப்பா. பள்ளிவாசலில் அவர் இடத்தில் சாச்சா, வாப்பாவின் தம்பி, உட்கார்ந்தார். வீட்டில் லாத்தாவின் கைகளில் மருதாணி, தலை நிறைய மல்லிகை. வாப்பா வீடியோவில் வந்தார். போனை நான்தான் பிடித்திருந்தேன். அதே குடோன், அதே அட்டைப்பெட்டி, புதுச் சட்டை. துஆ ஓத வாயைத் திறந்தார், படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வரவே இல்லை.

"வாப்பா ஏன்டி போன வருசமே வந்தாங்க? இப்ப வந்திருக்கலாம்ல?" லாத்தா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் போனைப் பிடித்தபடியே நின்றேன்.

இப்போது வாப்பா ஊரோடு வந்துவிட்டார். சர்க்கரை, கால் வீக்கம். போன மாதம் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். "அலமாரியில கப்பு இல்லன்னு தெரிஞ்சும் அன்னக்கி ஏன் வாப்பா ஒண்ணும் கேக்கல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கேட்டிருந்தா லீவு முழுக்க நீ அழுதுக்கிட்டே இருந்திருப்பே. எனக்கு இருந்ததே முப்பது நாளு."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "லாத்தாகிட்ட மட்டும் சொல்லிராத."

சொல்லவில்லை. லாத்தா இன்னமும் தன் பிள்ளைகளிடம், "ஒங்க சின்னம்மா பாண்டிச்சேரியில கப்பு வாங்குனவ, தெரியும்ல? அதப் பாக்கத்தான் வாப்பா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தாங்க" என்கிறாள். பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான் ஆமாம் என்கிறேன்.