செண்பகத்தோப்பில் கேட்ட கேள்வி

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே அப்பா என்னை ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவருவார். பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், நான் நடுவில். அக்காவுக்குச் சிறுத்துப்போன பாவாடைகள் எனக்கு வரும். தங்கை அழுதால் அடியும் எனக்கே வரும். பெரியம்மா வீட்டில் நான் ஒருத்திதான். அவளுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை இல்லை. அதை ஒரு பெரிய வசதி என்றே அந்த வயதில் நினைத்திருந்தேன். பணியாரத்துக்குப் போட்டி கிடையாது அல்லவா.

போட்டி என்றால் எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். என் வயது. கோடை முழுக்க நாங்கள் பிரியமாட்டோம். பெரியம்மா வெல்லப் பூரணம் வைத்து எண்ணெயில் சீயம் போடும்போது அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துகொள்வோம்.

"உள்ள பூரணம் கொதிக்கும்ட்டி, செத்த நேரம் பொறுங்க" என்பாள். ஒருநாளும் பொறுத்ததில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு இருவரும் முற்றத்தில் குதிப்போம். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஈட்டைப் போடுவாள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவும் கூட வந்தாள். அது வழக்கமில்லை. வந்ததிலிருந்து அவளும் அவள் அக்காளான பெரியம்மாவும் அடுக்களையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்; நான் போனால் உப்பைப் பற்றியும் புளியைப் பற்றியும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போவது என்று முடிவாயிற்று. எதிர்வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டோம்.

விடிவதற்குள் பெரியம்மா புளிச்சோறு கிளறித் தூக்குவாளியில் அடைத்துவிட்டாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிகளை வாழையிலையில் கட்டினாள். ஆட்டோவில் அந்தத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக வாசனை பிடித்தபடி போனேன்.

முந்தின வாரம் மலையில் பெய்த மழைக்கு ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. நானும் சிநேகிதியும் கூழாங்கல் பொறுக்கினோம், மரத்தில் வால் தொங்கிய மலை அணிலைப் பார்த்துக் கத்தினோம், பாவாடையை நனைத்துக்கொண்டோம். பசி வந்தபோது பாறை நிழலில் இலை போட்டார்கள். புளிச்சோற்றைக் கையில் உருட்டி எங்கள் இருவருக்கும் மாறி மாறிக் கொடுத்தாள் பெரியம்மா. பெரியப்பா எழுந்து ஓடைப்பக்கம் போய்விட்டார். அம்மா சாப்பிடாமல் இலையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

பெரியம்மா கையைக் கழுவி, ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு என் முகத்தைத் திருப்பினாள்.

"பெரியம்மா கூடவே இருந்துக்கிடுதியா?"

"சரின்னு சொல்லுட்டி" என்று சிநேகிதி என் விலாவில் இடித்தாள். அவள் இடித்திருக்கவே வேண்டாம்.

"இருந்துக்கிடுதேன். அம்மா வேணா ஊருக்குப் போவட்டும்" என்றேன். இன்னொரு இட்லி கேட்டேன் என்றும் நினைவு.

பெரியம்மா இட்லியை எடுத்துவைத்தாள். அம்மா எழுந்து, "வெயில் ஏறுது, கெளம்புவோம்க்கா" என்றாள்.

என்னைத் தத்துக் கேட்டிருக்கிறாள் பெரியம்மா. எனக்குக் கல்யாணமாகி, எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள்.

"கூடப் பொறந்தவ கேக்கும்போது முடியாதுன்னு எப்படிச் சொல்ல? பிள்ளையக் கேட்டுக்கோக்கா, அவ சரின்னா சரின்னுட்டேன். நீ அழுது என் சேலையப் பிடிச்சுக்கிடுவன்னுல்லா நெனச்சேன்."

அதற்குள் பெரியம்மா இறந்துவிட்டிருந்தாள். அந்தப் பதிலைப் பற்றி அவளிடம் பேச எனக்கு வாய்க்கவில்லை.

செண்பகத்தோப்புக்குப் பிறகும் அம்மாவும் பெரியம்மாவும் பகைத்துக்கொள்ளவில்லை. விசேஷ வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் அடுத்த கோடையில் என்னை இந்தி வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அதற்கடுத்த கோடைகளிலும் ஏதாவது ஒன்று வந்தது. எதிர்வீட்டுச் சிநேகிதியை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

செண்பகத்தோப்பிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே அம்மா என் துணிகளைப் பையில் அடைத்தாள். லீவு பாதிகூட முடியவில்லை என்று நான் அழுதேன். பெரியம்மா தடுப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் தலையைச் சீவி, ரிப்பன் கட்டி, பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தாள்.

"இவ புரியாமச் சொல்லிட்டாக்கா" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதாட்டி? ஏறு, பஸ் எடுத்துருவான்."

பஸ் நகர்ந்த பிறகும் பெரியம்மா அதே இடத்தில் நின்றாள். எனக்கு அவள்மேல் ஒரே கோபம். இருக்கச் சொல்லிவிட்டு இப்படி அனுப்புகிறாளே என்று கைகூட அசைக்கவில்லை. அம்மா ராஜபாளையம் வரும்வரை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.