கை இறங்கிய பிறகு கேட்ட விசில்

ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்காவற்றுறையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. ஆறு வயலின், இரண்டு மன்டலின், நாலைந்து புல்லாங்குழல், ஒரு ஆர்மோனியம், ஒரு சின்ன மேளம். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். எனக்கு வயலின் கிடைத்தது. அதன் பெட்டிக்குள் யாரோ ஒட்டிய மாதா படம் பாதி உரிந்திருந்தது.

சேர்ந்த அன்றே எல்லோருக்கும் றோனியோவில் படியெடுத்த ஒரு தாள் தந்தார்கள். குழுவில் சேரும் பிள்ளைகளிடம் என்னென்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று பத்து விடயங்கள் அதில் இருந்தன. பெற்றார் வாசித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அப்பா கடலால் வந்து குளித்துவிட்டுக் கதிரையில் இருந்து அதைச் சத்தமாக வாசித்தார். அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். நகம் வெட்டியிருக்க வேண்டும் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் தவிர வேறு காரணத்துக்குப் பயிற்சிக்கு வராமல் நிற்கக் கூடாது. வீட்டில் நாளுக்கு அரை மணித்தியாலம் தனியாக வாசித்துப் பழக வேண்டும். கடைசி விடயத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். குழுவை நடத்தும் சிஸ்டரின் கை கீழே இறங்கியதும் எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும், அதன் பிறகு ஒரு தந்தியும் அசையக் கூடாது.

"இது நல்ல சட்டம். உங்கடை அம்மாவுக்கும் ஒரு தாள் குடுக்கச் சொல்லு பிள்ளை" என்றார். குசினிக்குள் அம்மா சட்டியை ஓசைப்படும்படி வைத்தார்.

எங்கள் வீடு இரண்டு அறை. கைக்குழந்தையாக இருந்த தம்பி ஒரு சின்னச் சத்தத்துக்கும் எழும்பிவிடுவான். அதனால் பின்னேரங்களில் நான் வயலினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த கரைக்குப் போனேன். வலை காயப்போடும் கம்புகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தால் எதிரே கடல், கடலின் நடுவே பழைய கோட்டை, அதற்கும் அப்பால் காரைநகர்க் கரை. அந்த வருடம் தெற்கில் கலகம் நடந்து பிடிபட்ட இளைஞர்களில் சிலரைக் கொண்டுவந்து அந்தக் கோட்டைக்குள் அடைத்திருந்தார்கள். அதற்குக் கிட்டத் தோணிகள் போக அனுமதி இல்லை. சுவர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு மனிதரையும் நான் அங்கே கண்டதில்லை.

திருநாளுக்காகச் சிஸ்டர் ஒரு மெதுவான பாட்டைச் சொல்லித்தந்தார். அதில் மூன்றாம் அடி தொடங்கும் இடத்தில் என் மூன்றாம் விரல் சரியான இடத்தில் விழாது. கொஞ்சம் பின்னுக்கு விழும். சுரம் இறங்கி, அழப்போகிற பிள்ளையின் குரல் மாதிரி வரும்.

"உம்மடை விரல் ஏன் அந்த இடத்திலை பயப்பிடுது?" என்று சிஸ்டர் கேட்பார்.

"தெரியேல்லை, சிஸ்டர்."

"வீட்டிலை பழகுறனீரோ?"

"ஓம், சிஸ்டர்."

அது உண்மை. ஒவ்வொரு நாளும் பழகினேன். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் பிழைவிட்டேன்.

சோளகக் காற்று ஓய்ந்து வாடை இன்னும் தொடங்காத நாட்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். அப்படியான ஒரு பின்னேரம் நான் பாட்டை முடித்து வில்லை இறக்கினேன். தண்ணீருக்கு மேலால் ஒரு விசில் வந்தது. மெல்லியது, ஆனால் தெளிவானது. நான் அப்போதுதான் வாசித்த பாட்டு. முதலாம் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடி தொடங்கும் இடத்தில் சுரம் என் விரல் விழுகிற அதே அளவு கீழே இறங்கியது.

என் பிழையை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வயலினைப் பெட்டிக்குள் வைக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "கோட்டைக்குள்ளை இருக்கிற பொடியன் ஆரோ அடிக்கிறான். அவங்களும் மனிசர்தானே. அசையாத தண்ணிக்கு மேலாலை சத்தம் நல்லாய்ப் போகும், வரும்."

அம்மா சிரிக்கவில்லை. "பொழுதுபடுற நேரத்திலை விசிலுக்கு மறுமொழி சொல்லாதை" என்றார்.

அப்பாவின் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த நாளும் போனேன். நான் வாசித்து முடிக்க அவன் அடித்தான். அதற்கடுத்த நாளும். மெல்ல மெல்லப் பயம் போய், யாரோ ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் வந்தது. சரியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. நான் பிழைவிட்டால் அவனும் பிழைவிடுவான். அவனுக்குத் தெரிந்த பாட்டு அதுதான். அந்தச் சுரம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இதை நினைத்தால் வெட்கமாக இருக்கும். அப்படியும் விரல் சொன்னபடி கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடக்கும் மண்டபத்தின் யன்னல்களும் கடல் பக்கந்தான். ஒரு நாள் குழுவாக அந்தப் பாட்டை முழுதும் வாசித்தோம். என் பிழை மற்றவர்களின் சத்தத்துக்குள் மூடுண்டு போயிற்று. சிஸ்டரின் கை இறங்கியது. பதினைந்து பிள்ளைகளும் மூச்சுவிடாமல் இருந்தோம். அந்த அமைதிக்குள் யன்னலால் விசில் வந்தது. மூன்றாம் அடியில் சுரம் இறங்கியது.

எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது.

"இது ஆற்றை பிழை?" என்று சிஸ்டர் கேட்டார்.

நான் எழும்பி நின்றேன். "என்ரை, சிஸ்டர்."

கடற்கரையில் வாசித்ததைச் சொன்னேன். சிஸ்டர் ஏசவில்லை. யன்னல்களை ஒவ்வொன்றாகத் தானே சாத்தினார். பிறகு ஆர்மோனியத்தின் மேலிருந்த தாளை எடுத்துப் பத்தாவது விடயத்துக்குக் கீழே மையால் எழுதினார்: வெளியில் நின்று எவரும் வாசிக்கக் கூடாது. எல்லோரையும் தங்கள் தாளிலும் எழுதச் சொன்னார்.

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குள் வாசித்தேன். தம்பியை அம்மா அயல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். முதல் கிழமை பின்னேரங்களில் விசில் தானாகவே கேட்டது. அடித்துவிட்டு நிற்கும். திரும்ப அடிக்கும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பிறகு இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நாளில் அப்பா செய்தி கொண்டுவந்தார். பட்டப்பகலில் ஒரு லாஞ்ச் வந்து கோட்டையிலிருந்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனதை அவர் தன் தோணியிலிருந்து கண்டிருக்கிறார். காவலுக்கு ஒரேயொரு ஆளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"எங்கை கொண்டு போனவை?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

அன்று இரவுச் செபமாலையில் அவனுக்காக ஒரு செபம் கூடுதலாகச் சொன்னேன். பேர் தெரியாததால் விசிலடிக்கிறவர் என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாரி பிடித்தது. குசினிப் பயிற்சியாலோ வேறெதனாலோ, ஒரு நாள் என் விரல் சரியான இடத்தில் விழுந்தது. மறுநாள் பயிற்சியிலும் விழுந்தது. சிஸ்டர் என்னைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தலையை அசைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒன்றும் வராது. பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, யன்னல்கள் சாத்தியிருந்தன. சிஸ்டரின் கை இறங்கியது.

விசில் வந்தது.

முன்பைவிட அது தூரத்தில் இருக்கவில்லை, கிட்டவும் இல்லை. நான் திருத்திக்கொண்ட பிழை அங்கே திருந்தாமல் அப்படியே இருந்தது. புல்லாங்குழல் வாசித்த சின்னப் பிள்ளை ஒன்று அழத் தொடங்கியது. சிஸ்டர் கையை இறக்கியபடியே வைத்திருந்தார். விசில் நாலாம் அடியையும் முடிக்கும்வரை அவர் கை அசையவில்லை.

"வீட்டை போங்கோ எல்லாரும். நேரை வீட்டை போகவேணும்" என்றார்.

நான் அப்பாவிடம் சொன்னேன். துறையில் விளையாடும் பொடியன்கள் யாராவது பழகியிருப்பார்கள் என்றார் அவர். எனக்கும் அப்படி நம்பத்தான் விருப்பம். ஆனால் அந்த மழைக்குள் துறையில் ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த நாள் கோட்டைக் காவல்காரருக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. அவர் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் நின்றேன். அவர் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"காவல்காரரிட்டைக் கேட்டனீங்களோ அப்பா?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தனக்கும் கேக்கிறதாம். நாங்கள் கரையிலை நிண்டு அடிக்கிறம் எண்டு நினைச்சவராம். 'உங்கடை பக்கத்திலை இருந்துதானே வருது, பிள்ளையளை மறியுங்கோ, பொழுதுபட இஞ்சை இருக்க ஏலாமல் கிடக்கு' எண்டு சொல்லுறார்."

அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் குருசடையாளம் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் கடலைப் பார்த்தோம். கரைக்கும் கோட்டைக்கும் இடையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

அது நவம்பர், மரித்தவர்களின் மாதம். அம்மா அடுத்த நாளே கோயிலுக்குப் போய் ஒரு பூசைக்குச் சொன்னார். யாருக்காக என்று பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். பேர் தெரியாது, எங்கள் ஆளுமில்லை, சமயம் என்னவென்றும் தெரியாது என்றிருக்கிறார் அம்மா. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று சுவாமி கேட்க, "அப்ப பூசை வீண்போகாது சுவாமி, அவருக்கு ஏதாவது நன்மை வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் அந்தக் காலைப் பூசைக்கு என்னை வயலினோடு வரச் சொன்னார். குழு இல்லை, நான் மட்டும். பூசையின் முடிவில் பாட்டை வாசித்தேன். மூன்றாம் அடிக்குக் கிட்ட வரும்போது எந்தச் சுரத்தை வாசிப்பது என்று ஒரு கணம் திகைத்தேன். அவனுக்குத் தெரிந்ததை வாசிக்க வேண்டும்போலவும் இருந்தது. சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சரியான இடத்துக்கே போயிற்று. முடிந்ததும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். கோயில் கூரையில் மழை பெய்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் அந்த விசில் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை நான் குழுவில் இருந்தேன். அந்தப் பாட்டைச் சிஸ்டர் மீண்டும் எடுக்கவேயில்லை.

அப்பா மட்டும் அந்தக் கடலை விட்டுவிட்டார். தடை நீங்கியிருந்தும் கோட்டைப் பக்கம் வலை போடாமல் எழுவைதீவுக்கு அப்பால் போகத் தொடங்கினார். போய்வர இரட்டிப்பு நேரம். ஏன் என்று அம்மா கேட்டால், "இஞ்சாலை மீன் இல்லை" என்பார். அந்த நாட்களில் எங்கள் அயலவர்கள் கோட்டைப் பக்கமிருந்து தோணி நிறையத் திரளி மீன் கொண்டுவந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார்.